குடியை விட சபதம் மட்டும் போதுமா?



2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடிய நாள். வாலாஜாபாத்தில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் கண்ணெதிரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இரவில் தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியதை நாம் கேட்டிருக்கிறோம். ஈழப்போரில் தப்பியவர்களிடமும் சாலை விபத்தில் பிழைத்தவர்களிடமும் இதையே காண்கிறோம்.

பேரதிர்ச்சிக்கு உள்ளானவருக்கு நடந்தது கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வரும். சிறு சத்தத்திற்கும் உடல் தூக்கிப்போடும். மது அந்தப் பதற்றத்தைச் சில மணி நேரம் அடக்கும். போதை இறங்கியதும் பதற்றம் முன்பைவிடக் கூடும். மறுபடியும் கடைக்கு ஓடுவார். நாமோ அவரைக் 'குடிகாரன்' என்று மட்டும் பார்க்கிறோம்.

முதலில் குடியை விடட்டும், மனதைப் பிறகு பார்ப்போம் என்பது பழைய முறை. இவ்விரண்டு நோயும் உள்ள 165 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. நால்ட்ரெக்சோன் மாத்திரை உட்கொண்டவர்கள் குடித்த நாட்கள் குறைந்தன. அதிர்ச்சியை மனம்விட்டுப் பேசவைத்த சிகிச்சையால் குடி கூடவும் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்கலாம். நால்ட்ரெக்சோன் மது தரும் இன்பத்தை மழுங்கச் செய்கிறது; கல்லீரலைப் பரிசோதித்தே தருவார்கள். அதிர்ச்சிக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

டைசல்பிராம் வேறு வகை. அதை உண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும், உயிரும் போகலாம். கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீர் நமக்குப் புரிகிறது. ஆனால் அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம்மைப் போன்ற குருக்களுக்கும்தான். பீடத்தின்முன் சபதம் செய்யவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களுக்குள் வலிப்பும் நடுக்கமும் பிதற்றலும் வரலாம். அது பேய் அல்ல, உயிராபத்து. எனவே முதலில் மருத்துவமனை, பிறகு சபதம். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். போகும்போது எவ்வளவு குடிக்கிறார் என்பதோடு, எந்தச் சம்பவத்துக்குப் பிறகு குடி கூடியது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைத்தான் பலரும் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள்.