ஒரே இடப்பெயர்வு, வெவ்வேறு வயது

ஆசிரியர் பயிற்சியிலும் உளவியல் வகுப்பிலும் மனித விருத்திக் கோட்பாடுகள் பெரும்பாலும் பட்டியலாகவே மனதில் பதிகின்றன. பியாஜேக்கு நான்கு படிநிலைகள், எரிக்சனுக்கு எட்டு. பரீட்சைக்கு இது போதும். ஆட்களைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நம் திருகோணமலை மாவட்டம் கண்ட வாழ்க்கையோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக்குடாவின் அக்கரையில் உள்ள ஊர். 2006இல் சண்டை மூண்டதும் சனம் இடம்பெயர்ந்தது. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. கிளிவெட்டி போன்ற முகாம்களில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016 காலத்தில்தான்.

அப்படி இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தை எரிக்சனின் கண்ணால் பார்ப்போம். கைக்குழந்தைக்குத் தேவை, கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கை. தாய் பக்கத்தில் இருந்தால் முகாமிலும் அது கிடைக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் பாடசாலையில் வளர வேண்டும். பாடசாலை குழம்பினால் அதுவும் குழம்பும். பதினாறு வயதில் எழும் கேள்வி ‘நான் யார்?’ என்பது. நாற்பது வயதுத் தகப்பன் பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுச்செல்ல நினைப்பார். அவருடைய வயலும் கடற்கரையும் வேலிக்கு அப்பால் இருக்கின்றன. அம்மம்மாவோ வாழ்ந்த வாழ்வை நினைத்து மனநிறைவு தேடும் வயதில், அது நடந்த மண்ணைப் பிரிந்திருக்கிறார்.

வயது இவ்வளவு முக்கியமா? ஆம் என்று காட்டின, கிளென் எல்டர் 1974இலும் அதன் பின்னரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுகள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியைப் பதின்ம வயதில் சந்தித்தவர்கள் வேலைக்குப் போய் வீட்டுக்கு உதவினார்கள். பின்னாளில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். அவர்களை விடச் சுமார் எட்டு வயது இளையவர்களிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், பாதிப்பு கூடுதலாக இருந்தது.

யூரி புரொன்ஃபென்பிரென்னர் 1979இல் இன்னொன்றைச் சேர்த்தார்: பிள்ளை கால் வைக்காத இடமும் பிள்ளையை வளர்க்கிறது. தகப்பனின் தொழில், அரசாங்கத்தின் காணி முடிவு இரண்டும் வீட்டுக்குள் வந்து பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் தொடுகின்றன.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இக்கோட்பாடுகள் ஐரோப்பிய, அமெரிக்கச் சூழலில் பிறந்தவை. நம் பிள்ளைகளைப் பெற்றோரோடு அம்மம்மா, மாமா, சின்னம்மா எல்லோரும் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதனால் எந்தப் படிநிலையையும் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். விருத்தி வாழ்நாள் முழுதும் நடக்கிறது. ஒரு வயதில் தடைப்பட்டது இன்னொரு வயதில் கைகூடலாம்.

2006இல் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். இத்துறையைப் படிக்கும் மாணவர்களே, ஒருவரிடம் என்ன நடந்தது என்று கேட்கும்போது, அப்போது அவருக்கு எத்தனை வயது, யார் துணை நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.