வேகம் பின்னால் வரட்டும்: தாள விளையாட்டுகளும் விரல் பயிற்சியும்

மணிக்கட்டு வலி, விரல் மடங்கிப் பூட்டிக்கொள்ளுதல், எலும்பு முறிவுக்குப் பின் ஏற்படும் விறைப்பு ஆகியவற்றுக்காகக் கை சிகிச்சைப் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "மீண்டும் எப்போது விளையாடலாம்?" உடன் வரும் பெற்றோரின் வேண்டுகோள் இதற்கு நேர்மாறானது: "இனி அந்த விளையாட்டைத் தொடவே கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்." இருவர் கவலையும் நியாயமானதே. விரல்களை முறையாகப் பழக்கினால் இருவருக்கும் ஏற்ற வழி ஒன்று உண்டு என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

தாள விளையாட்டு என்பது யாது?

இசைக்கு ஏற்ப, குறித்த கணத்தில் குறித்த பொத்தானை அழுத்த வேண்டிய கணினி விளையாட்டுகளைத் தாள விளையாட்டுகள் என்கிறோம். ஜப்பானில் 1996-இல் வெளிவந்த 'பராப்பா தி ராப்பர்', 1997-இல் வெளிவந்த 'பீட்மேனியா' ஆகியவை இவ்வகையின் முன்னோடிகள். பெரிய முரசை அடித்து விளையாடும் 'டைக்கோ நோ தட்சுஜின்' 2001-இல் வந்தது. இன்று இளைஞர்கள் கணினியில் விரும்பி விளையாடும் 'ஓசு' 2007-இல் வெளியானது. கைப்பேசியில் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் ஆடப்படுபவை இன்னும் பல.

இவை விரல்களிடம் கேட்பது எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நிமிடத்துக்கு 180 தட்டுகள் கொண்ட ஒரு பாடலில், ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து அடிக்க வேண்டுமெனில், ஒரு விநாடிக்கு 12 அடிகள் விழ வேண்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஏறத்தாழ 83 மில்லி விநாடி மட்டுமே. இரண்டு விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு விரலும் விநாடிக்கு ஆறு முறை இறங்கி எழ வேண்டும். ஒரு பாடல் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் சேர்ந்துவிடுதல் அரிதன்று.

விரலின் வேகம் எங்கே பிறக்கிறது?

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைச் சென்றடைகின்றன. மணிக்கட்டின் உட்புறத்தில் உள்ள ஒடுங்கிய குகைப்பாதை வழியே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன. மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்து வைத்துக்கொண்டு விரைவாகத் தட்டும்போது அந்த இடம் மேலும் நெருக்கடிக்கு உள்ளாகிறது. அதனால்தான் விரலால் விளையாடியவருக்கு முன்கையில் களைப்பும் மணிக்கட்டில் வலியும் தோன்றுகின்றன.

விரல்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதும் இல்லை. இதைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, ஏனைய விரல்களை நீட்டுங்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் தூக்க முடியும். மோதிர விரலோ எழ மறுக்கும். அவ்விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதே இதற்குக் காரணம். எனவே மோதிர விரல் மெதுவாக இயங்குவதைச் சோம்பல் என்று எண்ணி அதனை வருத்துதல் தகாது. உடலின் அமைப்பே அதற்கு அந்த எல்லையை வகுத்துள்ளது.

இன்னொன்றையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு விரல் இரண்டு முறை தட்டுவதற்கு, மடக்கும் தசை முதலில் இறுகி, பின் உடனே தளர வேண்டும். அப்போதுதான் நீட்டும் தசை விரலைத் தூக்க இயலும். இயலாத வேகத்தை வலிந்து முயலும்போது இரண்டு தசைகளும் ஒருசேர இறுகிவிடுகின்றன. கை விறைக்கிறது, உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. வேகத்துக்குத் தேவையான திறன், உரிய நேரத்தில் தளர்தல் ஆகும்.

துல்லியம் முதலில், வேகம் அடுத்து

அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ், ஓர் இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருக்கும் அளவுக்கு அதனைத் தவறாமல் தொடுவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதை 1954-இல் கணக்கு வடிவில் எடுத்துக்காட்டினார். அவசரப்பட்டால் பிழை கூடும் என்பது பட்டறிவில் நாம் அறிந்ததே. பயிற்சியில் இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. மூளை நாம் விரும்பியதைக் கற்பதில்லை. நாம் திரும்பத் திரும்பச் செய்ததைக் கற்கிறது. பிழையோடு நூறு முறை அடித்தால் அந்தப் பிழையே பழக்கமாகிறது.

நம் இசை மரபு இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மிருதங்கம் பயிலும் மாணவர் ஒரு பாடத்தை முதற்காலத்தில் சீராக வாசித்த பின்னரே இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் செல்கிறார். தாள விளையாட்டுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

பழக்கும் முறை

காயமோ அறுவை சிகிச்சையோ நிகழ்ந்தவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகே பின்வருவனவற்றைத் தொடங்க வேண்டும்.

முதலில் இருக்கை. முன்கை முழுவதும் மேசையில் தாங்கலாக இருக்கட்டும். மணிக்கட்டு நேராகவும் தோள் தளர்ந்தும் இருக்க வேண்டும். விசையை அது பதிவாகும் அளவுக்கு மட்டும் மெல்ல அழுத்துங்கள். தட்டும் ஓசை அறை முழுவதும் கேட்குமாயின், தேவைக்கு மீறிய விசை செலவாகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, அடிப்படை வேகத்தைக் கண்டறிதல். தாளமானியையோ மெதுவான பாடலையோ வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுவதும் முன்கை இறுகாமல், இருபது அடிகளில் பத்தொன்பது சரியாக விழும் வேகம் எதுவென்று பாருங்கள். அதுவே உங்கள் தொடக்கம். நண்பரின் வேகத்தோடு அதனை ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது, சிறு படிகளாக ஏறுதல். ஒரு வேகம் தொடர்ந்து மூன்று நாள் எளிதாக அமைந்த பிறகு, நிமிடத்துக்கு ஐந்து தட்டுகள் மட்டும் கூட்டுங்கள். பிழை பெருகினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். இறங்குவது தோல்வி ஆகாது.

நான்காவது, குறும்பாய்ச்சல். கூடுதல் வேகத்தை உடல் உணர வேண்டுமாயின், நான்கு அல்லது எட்டு அடிகள் மட்டும் விரைவாக அடித்து, அதைப் போல் இரு மடங்கு நேரம் கையைத் தளரவிடுங்கள். நீண்ட நேரம் வலிந்து அடிப்பதைக் காட்டிலும் இது பாதுகாப்பானது.

ஐந்தாவது, பிழையின் திசையை அறிதல். பல விளையாட்டுகள் அடி முந்தியதா பிந்தியதா என்று காட்டுகின்றன. முந்தினால் பெரும்பாலும் அவசரம். பாடலின் இறுதியில் மட்டும் பிந்தினால் பெரும்பாலும் களைப்பு. எல்லா அடிகளும் ஒரே அளவு பிந்துமாயின் கருவியையும் ஐயுறலாம். கம்பியில்லாக் காதணிக் கருவிகள் ஒலியைச் சற்றுத் தாமதமாகத் தருவதுண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் இத்தாமதத்தைச் சரிசெய்யாமல் விரல்களை வருத்துவது வீண்.

ஆறாவது, ஓய்வு. ஐந்து நிமிடம் ஆடினால் ஒரு நிமிடம் கையை மடியில் வைத்து ஓய்வு தருக. மீண்டு வருபவர்களுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் தொடக்கத்தில் போதுமானது. விரல்களால் கற்ற வரிசை, இரவு உறக்கத்துக்குப் பின் மேலும் விரைவாகவும் துல்லியமாகவும் வெளிப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுபவர், ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் இழக்கிறார்.

எப்போது நிறுத்த வேண்டும்?

ஆடி முடித்தபின் சற்று நேரம் இருக்கும் களைப்பு இயல்பானது. பின்வருவன இயல்பானவை அல்ல: மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலி, இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதலோ கூச்சமோ ஏற்படுதல், விரல் மடங்கி, சொடுக்கென்று விடுபடுதல், கட்டைவிரலின் அடிப்பகுதியில் மணிக்கட்டோரமாக வீக்கம், பாத்திரமோ பேனாவோ கையிலிருந்து நழுவுதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். தொடக்கத்தில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வு, கைத்தாங்கி, பயிற்சி மாற்றம் ஆகியவையே போதுமானவையாக அமைகின்றன.

வலியே இல்லாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. விளையாடும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்வதும், வேறு வேலைகளில் அது சரியாக இயங்குவதும், இசைக்கலைஞர்களிடம் காணப்படும் ஒருவகை இயக்கக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். மேலும் பயிற்சி செய்து அதனை வெல்ல முயல்வது நிலைமையை மோசமாக்கக் கூடும். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இளமையில் பியானோக் கலைஞராக விரும்பியவர். வலக்கை விரல் செயலிழந்ததால் 1830-களின் தொடக்கத்தில் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். விரலைப் பழக்க அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தியதும் அறியப்பட்டதே. உண்மைக் காரணம் குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டெனினும், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விரலை வருத்துதல் ஆகாது என்பதில் ஐயமில்லை.

வலிப்பு நோய் உள்ளவர்கள், மின்னும் ஒளி நிறைந்த இவ்விளையாட்டுகளைத் தொடங்குமுன் தங்கள் நரம்பியல் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

விளையாட்டே சிகிச்சையாகும்போது

பக்கவாதத்துக்குப் பின் விரல் அசைவை மீட்க முயல்பவர்களுக்கு இச்செய்தி ஊக்கம் தரலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், 'மியூசிக் குளோவ்' என்னும் உணர்கருவி பொருத்திய கையுறை உருவாக்கப்பட்டது. திரையில் இறங்கி வரும் குறிகளுக்கும் பாடலுக்கும் ஏற்ப, நோயாளி கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடுவார். தாள விளையாட்டின் அதே அமைப்புத்தான். சலிப்பூட்டும் ஓர் அசைவைப் பல நூறு முறை செய்வதற்குப் பாடல் துணைநிற்கிறது.

இத்தகைய கருவி இல்லாத வீட்டிலும் இக்கருத்தைப் பயன்படுத்தலாம். நோயாளிக்குப் பிடித்த, மெதுவான பழைய பாடல் ஒன்றைப் போடுங்கள். தாளத்துக்கு ஒரு முறை கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடட்டும். அடுத்த தாளத்துக்கு நடுவிரலை. தவறினால் பாடலை நிறுத்த வேண்டாம். அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு பாடல் முடிந்ததும் ஓய்வு.

குடும்பத்தினருக்கு

"விளையாடாதே" என்ற சொல் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவதில்தான் முடிகிறது. அதற்கு மாறாக, நேரத்தையும் ஓய்வையும் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், பயிற்சி வேகம், ஆடிய நிமிடங்கள், மறுநாள் காலை வலி இருந்ததா என்னும் நான்கை மட்டும் பிள்ளையே எழுதட்டும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அக்குறிப்பேட்டையும், விளையாடும் கைப்பேசியையோ விசைப்பலகையையோ உடன் கொண்டு வாருங்கள். கை எவ்வாறு வைக்கப்படுகிறது என்பதை நேரில் கண்டால், எந்த வேகத்தில் தொடங்கலாம் என்பதை உங்களோடு அமர்ந்தே முடிவுசெய்ய எங்களால் இயலும்.