பழைய ஓம்னியை விட மனசு வரலே!

சென்னை: 15 வயசு தாண்டிய ஓம்னி வேனைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமே என்று கடைக்காரர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். மாசா மாசம் தவணையை யார் கட்டுறது?

1984-ல் 'மாருதி வேன்' என்று வந்த வண்டி இது. 796 சி.சி. என்ஜின். பக்கத்துக் கதவைத் தள்ளினால் போதும், குறுகலான சந்திலும் ஏறி இறங்கலாம். பழைய பாகம் வேண்டுமா? இருக்கவே இருக்கு புதுப்பேட்டை!

ஆனால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால், 5 ஆண்டுக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ரூ.600 ஆக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆனது. பசுமை வரி தனி.

இன்னொன்று. என்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில். மோதினால் டிரைவர் காலுக்கு முன்னால் வெறும் தகடுதான். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராததால், 2019-ல் உற்பத்தியே நின்றது.

காசு மிச்சம்தான். அதற்காகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்காதீர்கள்!