பச்சையின் அருகே சிவப்பு ஏன் ஜொலிக்கிறது?

ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதிக்குச் செல்லும் சித்திரக்கலை மாணவர், வேப்பிலைக் கொத்தின்மீது சிந்திய குங்குமம், சிமிழில் இருந்தபோது காட்டாத தீட்சண்யத்தோடு ஜொலிப்பதைக் காண்பார். குங்குமம் மாறவில்லை, அண்டையில் அமைந்த பச்சையே அந்த விசேஷத்தை விளைவிக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது? விழித்திரையின் கூம்பு அணுக்கள் திரட்டும் ஒளிச் செய்தியை நரம்புகள் சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம் என்று ஜோடி ஜோடியாக ஒப்பிட்டே மூளைக்கு அனுப்புவதால், ஒரு பச்சைப் பரப்பு தன்னை அடுத்துள்ள இடத்தில் சிவப்பின் உணர்ச்சியை மிகுவிக்கிறது. பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவை நிர்வகித்த ரசாயன சாஸ்திரி செவ்ரல், 1839-ல் வெளியிட்ட நூலில், அண்டை வர்ணங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் இவ்விதியை விஸ்தாரமாக விளக்கினார்.

இதே தத்துவத்தை நேர்மாறாகக் கையாள்வது, திருவேற்காட்டிலிருந்து சில மைல் தூரத்தில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாக்கும் டாங்கி: மண்ணுக்கும் புதருக்கும் இணங்கிய மங்கல் வர்ணங்கள் திட்டுத் திட்டாகப் பூசப்பட்டு, உருவத்தின் விளிம்பையே சிதைப்பதால், பார்வை அதன்மீது நிலைகொள்ளாமல் நழுவிவிடுகிறது.

ஆயினும் ஓரிடம் எடுப்பாகத் தெரிய வர்ணபேதம் ஒன்றே போதாது. சமமான வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே, மாணவர்களே, சித்திரத்தில் பிரதானமாக விளங்க வேண்டிய இடத்துக்கே எதிர்வர்ணத்தை ஒதுக்குங்கள். பிறகு கண்களைச் சுருக்கி நோக்கி, வெளிச்சத்திலும் அவ்விடம் தனித்து நிற்கிறதா என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள்.