டிபி ரிப்போர்ட்: ஒரே சோதனையோடு நின்றுவிடாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சளிப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’. அப்பாடா என்று பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இருமல் நிற்காமல், எடையும் குறைந்துகொண்டே போனால் அந்த ஒரு தாளை நம்பி இருந்துவிடக் கூடாது. காசநோய்க் கிருமி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

தேடும் அடையாளமே இல்லாவிட்டால்?

மரபணுச் சோதனைகள் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பதில்லை. பள்ளிச் சான்றிதழில் எழுதும் அங்க மச்ச அடையாளம்போல ஒன்றிரண்டு அடையாளங்களைத்தான் தேடுகின்றன. அப்படி உலகெங்கும் பயன்பட்ட ஒன்று ‘ஐ.எஸ். 6110’ என்ற மரபணுத் துண்டு. பல நாட்டுக் கிருமிகளில் இது பல பிரதிகளாக இருக்கும். தென்னிந்திய நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சென்னையில் ஆராய்ந்தபோது, கணிசமானவற்றில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. இந்த ஓர் அடையாளத்தை மட்டும் தேடும் சோதனை, நோயுள்ளவரையும் நோயில்லை என்று அனுப்பிவிடக்கூடும். ‘ஜீன் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா’ என்ற மரபணுச் சோதனை இன்னோர் அடையாளத்தையும் சேர்த்துத் தேடுவதால் இந்த ஆபத்து குறைகிறது.

மருந்து எதிர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதை ஜீன் எக்ஸ்பெர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். அதற்காக அது பார்ப்பது, ஒரு மரபணுவில் 81 எழுத்துகள் நீளமுள்ள சிறு பகுதியை. எதிர்ப்பைத் தரும் மாற்றங்களில் சுமார் 95 சதவீதம் அங்கேதான் நிகழ்கின்றன. மிச்சம் தப்பிவிடும். ஆப்பிரிக்க நாடான எஸ்வாட்டினியில் 2009 கணக்கெடுப்பில் கிடைத்த பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் சுமார் 30 சதவீதம், அந்தப் பகுதிக்கு வெளியே மாறியிருந்தவை.

ஆகவே ரிப்போர்ட்டில் ‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்’ என்று இருந்தால், பார்த்த இடத்தில் மாற்றம் இல்லை என்று மட்டுமே பொருள். இன்னொரு முக்கியக் காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்வதில்லை.

தடுப்பூசியின் கதை

பிசிஜி, மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை ஆய்வகத்தில் 230 முறை மாற்றி வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசி. அதில் அக்கிருமி சில மரபணுக்களை இழந்தது. பின்னர் நாட்டுக்கு நாடு தனித்தனியே வளர்க்கப்பட்டதால் பிசிஜியிலும் பல வகைகள் உண்டாகிவிட்டன. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. அவசியம் போட வேண்டும். ஆனால் 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிறுவயதில் ஊசி போட்டிருக்கிறேன் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

உங்கள் உரிமைகள்

* அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

* ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டிபி சொல்லும் கருவிகளை மத்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது. யாராவது அந்தச் சோதனை செய்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம்.

* மருத்துவ ஆவண நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனையின் சேவையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

செய்ய வேண்டியது

காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைக் கொடுங்கள், எச்சில் பயன்படாது. ‘நெகட்டிவ்’ வந்தும் இருமல் போகவில்லையென்றால் எக்ஸ்ரேயும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து தொடங்கியும் உடம்பு தேறாவிட்டால் எல்லா மருந்துகளுக்கும் எதிர்ப்புச் சோதனை கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். மறுபரிசோதனை கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.