சாடியில் வளரும் இறப்பர் செடி



இஸ்தோப்பில் பூச்சாடி வைக்காத லயம் இப்போது குறைவு. அதிலும் தடித்து மினுங்கும் இலையுள்ள இறப்பர் செடிக்குத் தனி மதிப்பு. இது பால் வெட்டும் இறப்பர் மரமல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த மரம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக 1876இல் கம்பகாவிலுள்ள ஹேனரத்கொடைக்கு வந்தது. நமது சாடிச் செடியோ ஆலும் அரசும் சேர்ந்த அத்திக் குடும்பம். அசாம், பர்மா பக்கத்துக் காட்டு மரம். பேராதெனியப் பூங்காவில் இதன் வேர்கள் நிலத்தின் மேலே பாம்பு போல ஓடுவதைப் பார்த்தவர்கள், இதை லயத்துச் சுவரோரம் நடமாட்டார்கள். சுவரும் வெடிக்கும், கானும் வெடிக்கும்.

எமது ஊர் கல்முனைப் பக்கம். ஒருமுறை தோட்டத்திலிருந்து ஒரு கன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். ஒரு கிழமையில் இலை கொட்டத் தொடங்கிற்று. “தண்ணி காணாது மகன்” என்று உம்மா காலையும் மாலையும் ஊற்றினார். நாமும் தடுக்கவில்லை. வேர் அழுகிச் செடி செத்துப்போச்சு. இடம் மாறினால் இலை உதிர்ப்பது இந்தச் செடியின் சுபாவம் என்று பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் தண்ணீரைக் கூட்டக் கூடாது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கன்று பிழைத்துக்கொண்டது. உப்புள்ள கடற்கரை மணலைத் தவிர்த்து, ஆற்று மணல், தும்புச்சோறு, உக்கிய சாணம் கலந்து நட்டோம். கடற்காற்று நேரே அடிக்காத, காலை வெயில் படும் மூலையில் வைத்து, இலையை ஈரத்துணியால் துடைத்து வந்தோம். நுவரெலியாப் பக்கத்தாருக்கு உப்புப் பயமில்லை. ஆனால் தை, மாசியில் உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள்.

கிளையை வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். சிலருக்குத் தோல் அரிக்கும். கண்ணில் பட்டால் எரியும், உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எல்லாவற்றிலும் எமக்குப் பயம் சாடிக்குக் கீழுள்ள தட்டுத்தான். 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த நுளம்பு தட்டின் ஓரத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். ஆகவே தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது. கிழமைக்கொரு தரம் தேங்காய்த் தும்பால் தட்டை உரஞ்சிக் கழுவுங்கள். ஊர் வீட்டில் இப்போது தட்டே இல்லை. இரண்டு செங்கல்லின் மேல் சாடி நிற்கிறது. வடியும் தண்ணி வாசலுக்கு ஓடுதென்று உம்மா மட்டும் முணுமுணுப்பார்.