மேனியின் நிறம் வேறுபடுவது ஏன்?

உறவினர் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி எட்டியதும் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். ஆணா பெண்ணா என்பது முதலாவது. தாயும் சேயும் நலமா என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்கிறோம்: "குழந்தை என்ன நிறம்?" சிவப்பு என்று விடை வந்தால் முகம் மலர்கிறது. கறுப்பு என்று வந்தால், "இருக்கட்டும், களையான முகம்தானே" என்று ஆறுதல் கூறுகிறோம். ஆறுதல் கூறும்படி அங்கே என்ன தீங்கு நேர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. பள்ளியில் உடன் பயில்வோர் தம் நிறத்தைச் சுட்டிச் சூட்டிய பெயரைச் சுமந்துகொண்டு நம் குழந்தைகள் வீடு திரும்புவதுண்டு. "நான் மட்டும் ஏன் கறுப்பு?" என்று கேட்கும் குழந்தைக்கு, "வெயிலில் ஆடாதே" என்பது விடையாகாது. உண்மையான விடையை விஞ்ஞானம் இன்று தெளிவாகவே கூறுகிறது. அதனைப் பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

நம் தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் பொருளை ஆக்கி, நுண்ணிய பொதிகளாகக் கட்டி, சுற்றியுள்ள அணுக்களுக்கு வழங்குகின்றன. இவ்வணுக்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே! அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும், பொதிகளின் பருமனும் அவை பரவியிருக்கும் முறையுமே வேறுபடுகின்றன. சிறிய வேறுபாடுதான், இதன்மேல்தான் மனிதன் இத்தனை உயர்வு தாழ்வுகளைக் கட்டி எழுப்பினான்.

இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது? ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவை மிகுதியாகப் பட்டால் தோலின் அணுக்கள் சிதைவுறும். மெலனின் பொதிகள் அணுவின் உட்கருவின் மேல் குடைபோலக் கவிந்து நின்று அதனைக் காக்கின்றன. அவை காக்கும் செல்வம் மற்றொன்றும் உண்டு. ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்துக் கருவளர்ச்சிக்கு இன்றியமையாதது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் செவ்வனே உருவாவதற்கு அது வேண்டும். அச்சத்தைக் கதிரொளி சிதைக்கிறது என்று பிராண்டா, ஈட்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1978இல் காட்டினர். ஆகவே, வெயில் மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் கரிய மேனி உடையோரின் வழித்தோன்றல்கள் நலமுடன் பெருகினர் என்று அறிஞர் கருதுகின்றனர்.

அவ்வாறாயின் எல்லா மக்களும் கறுப்பாகவே இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கே மற்றோர் உயிர்ச்சத்துக் குறுக்கிடுகிறது. எலும்புக்கு உறுதி தரும் வைட்டமின் 'டி'யைத் தோல் அதே புற ஊதாக் கதிர்களைக் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. கதிர் மெலிந்த வடபுலங்களில் கரிய குடை இதற்குத் தடையாகும். ஆதலின் அங்கே குடியேறிய மக்களிடையே தலைமுறை தலைமுறையாக நிறம் வெளுத்தது. செயற்கைக் கோள்கள் அளந்த கதிர் அளவுகளை மக்களின் நிறத்தோடு ஒப்பிட்டு, நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில் இக்கருத்தை வலியுறுத்தினர். வடதுருவத்தை அடுத்து வாழும் இன்யூட் மக்கள் அத்துணை வெளுப்பாக இல்லாமைக்கும் காரணம் உண்டு. அவர்கள் உண்ணும் மீனும் கடல் விலங்குகளும் வைட்டமின் 'டி'யை வேண்டிய மட்டும் தந்துவிடுகின்றன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. தென்கோடிக் குமரிமுனை நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே உள்ளது. டில்லியோ 28 பாகைக்கும் மேல். அங்கே குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து விழுகிறது. உடலையும் கம்பளி மூடிவிடுகிறது. கரிய மேனிக்கு வைட்டமின் 'டி' ஆக்கிக்கொள்ள வெயில் சற்று நீண்ட நேரம் வேண்டும். நிறம் மங்கிவிடும் என்று அஞ்சிக் குழந்தைகளை வீட்டினுள் அடைத்து வைப்பது அவர்கள் எலும்புக்குச் செய்யும் கேடு.

வடக்கர் வெளுப்பு, தெற்கர் கறுப்பு என்று பிரித்துப் பேசுவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. நிறத்தை வெளுக்கச் செய்யும் மரபணு மாற்றம் ஒன்றினை, நம் நாட்டு ஓடைகளிலும் வாழும் வரிக்குதிரை மீனின் துணையால் 2005இல் கண்டறிந்தனர். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. இந்தியரிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள அம்மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள் என்று அது கணித்தது. அம்மாற்றம் தமிழர் பலரிடத்தும் உண்டு. நிறத்தை வகுப்பது இந்த ஒரு மரபணு மட்டுமன்று. பல மரபணுக்கள் சேர்ந்தே வகுக்கின்றன. அவை ஒவ்வொரு பிறப்பிலும் வெவ்வேறு விதமாகக் கலக்கின்றன. ஒரு தாய் வயிற்றில் அக்காள் மாநிறமாகவும் தங்கை சிவப்பாகவும் பிறப்பது இதனாலேயே.

இத்தகைய நிறத்தை உணவால் மாற்ற இயலுமா? கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூக் கலந்த பால் கொடுக்கிறோம். பாலினால் நன்மையே, ஆனால் குழந்தையின் நிறம் அதனால் மாறாது. கவலைக்குரியது வேறு. இரும்புச் சத்து மாத்திரை உண்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று அஞ்சி, அதனை உண்ணாமல் ஒதுக்கும் பெண்கள் உளர். நம் நாட்டு மருத்துவமனைகளில் வழங்கும் அம்மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அது ஃபோலேட்டின் மற்றொரு வடிவமே. எந்தச் சத்தைக் காப்பதற்காக இயற்கை நம் முன்னோர்க்குக் கரிய மேனியை அளித்ததோ, அந்தச் சத்தையே கருமைக்கு அஞ்சி வீசி எறிகிறோம். இதனினும் பெரிய பேதைமை உண்டோ?

வெளுப்புக் களிம்புகளின் கதையும் இத்தகையதே. அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த இத்தகைய களிம்புகளையும் சோப்புகளையும் 2020க்குள் ஒழிக்க வேண்டும் என விதித்தது. மணப்பெண்ணின் முகத்தை வெளுக்க வேண்டி அவள் உடல் நலத்தை விலையாகக் கொடுப்பது எவ்வகை நியாயம்?

நம் பழம்புலவர்கள் இவ்வாறு எண்ணினார்களில்லை. மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே தலைவியின் அழகாகப் போற்றினர். அது நீங்கி மேனி வெளிறிப் பசலை படர்வதையே துன்பத்தின் அடையாளமாகப் பாடினர். அத்தகைய மரபில் வந்த நாம், நம் பிள்ளைகளிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்: "கண்ணே, உன் நிறம் குறையன்று. கொளுத்தும் வெயிலில் உழுதும் கடலோடியும் வாழ்ந்த உன் முன்னோரைக் காத்த குடை அது. அதனை அவர்கள் உனக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்."